'வீ' தெரியும்... அது என்ன 'வீ யூ'? ஒரு பெயர்க் குழப்பம் நிண்டெண்டோவை உலுக்கியது எப்படி?

2012 டிசம்பர். கனடாவில் கிறிஸ்துமஸ் ஷாப்பிங் களைகட்டியிருக்கும் நேரம். பேரனுக்கு வீடியோ கேம் வாங்கித் தரலாம் என்று ஒரு பாட்டி கடைக்குப் போகிறார் என வெச்சுக்குவோம். அலமாரியில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் 'வீ', இன்னொன்றில் 'வீ மினி', மூன்றாவதில் 'வீ யூ' என்று எழுதியிருக்கிறது. மூன்றுமே நிண்டெண்டோ தயாரிப்புதான்.

"எங்க வீட்லதான் ஏற்கெனவே வீ இருக்கே... இது அதுக்கு மாட்டுற ஏதோ பாகமா?" என்று பாட்டி யோசித்தால் அதில் தப்பே இல்லை. ஏனென்றால் அந்த மூன்றில் ஒன்று, ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முற்றிலும் புதிய கன்சோல். இன்னொன்று, பழைய கன்சோலின் வசதி குறைந்த மலிவுப் பதிப்பு. பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் வைத்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

இது ஒரு பாட்டியின் குழப்பத்தோடு முடியவில்லை. உலகின் புகழ்பெற்ற கேம் நிறுவனங்களில் ஒன்றான நிண்டெண்டோவின் விற்பனைக் கணக்கையே அது புரட்டிப் போட்டது. நிறுவனத்தின் தலைவர் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது நிலைமை. ஒரு பெயருக்கு இவ்வளவு சக்தி இருக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

'வீ' எப்படி ஜெயித்தது?

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். 2006 ஏப்ரல் வரை நிண்டெண்டோவின் புதிய கன்சோலுக்கு 'ரெவல்யூஷன்' என்பதுதான் தற்காலிகப் பெயர். அதாவது 'புரட்சி'. கம்பீரமான பெயர். திடீரென்று ஏப்ரல் 27-ம் தேதி, "இனி இதன் பெயர் வீ" என்று நிறுவனம் அறிவித்தது.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்குச் சிறுநீர் என்ற பொருளும் உண்டு. கிண்டல் செய்பவர்களுக்கு இது போதாதா? ஆனால் நிண்டெண்டோவுக்கு ஒரு கணக்கு இருந்தது. உச்சரிப்பில் இது 'நாம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும். எல்லோரும் சேர்ந்து விளையாடலாம் என்று சொல்லாமல் சொல்லும். எந்த நாட்டுக்காரராலும் எளிதாகச் சொல்லவும் முடியும்.

அந்தக் கணக்கு பலித்தது. 2006 நவம்பரில் வெளியான வீ, மொத்தம் 10 கோடியே 16 லட்சம் கன்சோல்கள் விற்றது. கையில் ரிமோட் போன்ற ஒரு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆடுவது மாதிரி கையை வீசினால், திரையில் பந்து பறக்கும். பட்டன்களைப் பார்த்துப் பயந்த அம்மாக்களும் தாத்தாக்களும்கூட விளையாட வந்தார்கள். அதுவரை கேம் பக்கமே வராத ஒரு பெரிய கூட்டத்தை வீ உள்ளே இழுத்து வந்தது.

இந்த இடத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையின் திருப்பமே இந்தக் கூட்டத்தால்தான் வரப்போகிறது.

'வீ யூ' வந்த நாளில் என்ன நடந்தது?

2011 ஜூன் 7. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'இ3' எனப்படும் கேம் கண்காட்சி. வீ-க்கு அடுத்த கன்சோலை நிண்டெண்டோ அறிமுகப்படுத்தியது. பெயர் 'வீ யூ'. முதல் பாதி 'நாம்', இரண்டாம் பாதி 'நீ'. எல்லோரும் சேர்ந்தும் ஆடலாம், தனியாகவும் ஆடலாம் என்பது நிறுவனம் தந்த விளக்கம். மீட்டிங் அறையில் உட்கார்ந்து கேட்டால் அழகான விளக்கம்தான்.

ஆனால் அன்று மேடையில் முழு வெளிச்சமும் விழுந்தது புதிய கன்ட்ரோலர் மீது. நடுவில் 6.2 அங்குல டச் ஸ்கிரீன் கொண்ட 'கேம்பேட்'. பார்ப்பதற்குச் சின்ன டேப்லெட் போல இருக்கும். வீடியோ முழுக்க அதுவே வந்தது. கன்சோல் பெட்டியை அங்கங்கே ஓரமாகத்தான் பார்க்க முடிந்தது. பார்த்தவர்களில் பலருக்கு, 'இது பழைய வீ-யோடு சேர்த்துப் பயன்படுத்தும் புது கன்ட்ரோலர் போல' என்றுதான் தோன்றியது.

அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த சடோரு இவாட்டாவே இதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். கன்ட்ரோலருக்கு அதிக முக்கியத்துவம் கொடுத்துவிட்டதால் தவறான புரிதலுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்ற பொருளில் அவர் பேசினார். அறிமுகத்தை அடுத்து நிண்டெண்டோவின் பங்கு விலையும் இறங்கியது.

குழப்பத்துக்குப் பெயர் மட்டும்தான் காரணமா?

பெயர் தனியாக வந்து குழப்பவில்லை. அதற்கு முன்னால் வந்த பெயர்கள் பாதை போட்டு வைத்திருந்தன.

வீ விற்பனையில் இருந்த ஆறு ஆண்டுகளில் நிண்டெண்டோ வரிசையாக என்னென்ன விற்றது பாருங்கள். கையில் பிடிக்கும் 'வீ ரிமோட்'. அதன் அடியில் மாட்டும் 'வீ மோஷன் பிளஸ்'. கார் ஓட்டுவதற்கு 'வீ வீல்'. சுடுவதற்கு 'வீ ஸாப்பர்'. ஏறி நின்று உடற்பயிற்சி செய்ய 'வீ ஃபிட்', அதோடு வரும் 'வீ பேலன்ஸ் போர்டு'. கேம்களின் பெயரும் 'வீ ஸ்போர்ட்ஸ்', 'வீ பார்ட்டி' என்றுதான் இருந்தன.

ஆக, "வீ என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் வந்தால், அது வீ-யோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணைக்கருவி அல்லது கேம்" என்று ஆறு வருஷமாக வாடிக்கையாளர்களுக்குப் பாடம் நடத்தியதே நிண்டெண்டோதான். அப்புறம் அதே வரிசையில் 'வீ யூ' என்று ஒன்று வந்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்?

போதாக்குறைக்கு, பழைய வீ ரிமோட்டுகளும் பேலன்ஸ் போர்டும் புதிய கன்சோலிலும் வேலை செய்தன. வாங்கியவர்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் கடையில் நின்று யோசிப்பவருக்கு, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்ற எண்ணத்தை அது இன்னும் உறுதிப்படுத்தியது. லோகோவிலும் பழைய 'வீ' எழுத்துகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு 'யூ', அவ்வளவுதான். வீ யூ கடைக்கு வந்த சில வாரங்களிலேயே கனடாவில் 'வீ மினி' வேறு வெளியானது.

இடுகுறியும் காரணமும்

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் இங்கே கைகொடுக்கும். மரம், மண் என்பவை இடுகுறிப் பெயர்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது, முன்னோர் இட்ட பெயர். பறப்பதால் பறவை, நான்கு கால்கள் இருப்பதால் நாற்காலி. இவை காரணப் பெயர்கள்.

வாங்குபவரின் காதில் 'வீ' ஓர் இடுகுறிப் பெயர். யாருக்கும் பொருள் தெரியவில்லை, ஆனால் அந்தப் பெயரில் வேறு எந்தப் பொருளும் இல்லை. அதனால் குழப்பமும் இல்லை. 'பிளேஸ்டேஷன் 4' என்பதில் அந்த எண் காரணத்தோடு நிற்கிறது. மூன்றுக்கு அடுத்தது நான்கு என்பதை விளக்க விளம்பரம் தேவையில்லை.

'வீ யூ' இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 'வீ' என்ற பகுதி, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டுகிறது. 'யூ' என்ற பகுதி, அது புதுசா, பெரிசா, சின்னதா, கூடுதல் பாகமா என்று எதையும் காட்டவில்லை. 1990-ல் ஜப்பானில் 'சூப்பர் ஃபாமிகாம்' என்று ஒரு கன்சோலை இதே நிண்டெண்டோ வெளியிட்டது. அதுவும் 'ஃபாமிகாம்' என்ற பழைய பெயரோடு ஒட்டு சேர்த்ததுதான். ஆனால் 'சூப்பர்' என்றால் முன்னதைவிடப் பெரிசு என்று குழந்தைக்கும் புரியும். அந்தக் கன்சோல் உலகம் முழுக்க சுமார் 4.9 கோடி விற்றது.

விநோதமான பெயரைச் சந்தை மன்னித்துவிடும். குழப்பமான பெயரை மன்னிப்பதில்லை. வீ-க்கும் வீ யூ-வுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2012 நவம்பர் 18-ம் தேதி வட அமெரிக்காவில் வீ யூ விற்பனைக்கு வந்தது. 2013 மார்ச் இறுதிக்குள் 55 லட்சம் விற்கும் என்பது நிறுவனத்தின் முதல் மதிப்பீடு. ஜனவரியில் அதை 40 லட்சமாகக் குறைத்தார்கள். கடைசியில் போனது 34.5 லட்சம்.

2013 ஏப்ரலில் முதலீட்டாளர்களிடம் பேசிய இவாட்டா, வீ யூ என்பது பழைய வீ-யோடு ஒரு பேட் சேர்ந்தது மட்டுமே என்று சிலர் தவறாக நினைப்பதாகவும், கேம்பேடை வீ-யின் துணைக்கருவி என்றே சிலர் எண்ணுவதாகவும் ஒப்புக்கொண்டார். கடைக்கு வந்து ஐந்து மாதம் ஆன பிறகும் நிலைமை இதுதான்!

அடுத்த நிதியாண்டு இன்னும் மோசம். 90 லட்சம் விற்போம் என்று இலக்கு வைத்தார்கள். 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாக வெட்டினார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! உண்மையில் விற்றதோ 27.2 லட்சம். இதற்குப் பொறுப்பேற்று இவாட்டா தன் சம்பளத்தை ஐந்து மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் குறைக்கப்பட்டது.

2017 தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது வீ யூ-வின் கணக்கு சுமார் 1.36 கோடியில் முடிந்தது. முந்தைய வீ 10 கோடியைத் தாண்டியது என்பதை வைத்துப் பார்த்தால், ஏழில் ஒரு பங்குக்கும் கீழே.

எல்லாப் பழியையும் பெயர் மேல் போடலாமா?

போட முடியாது. நியாயமாகப் பார்த்தால் வேறு காரணங்களும் வலுவாகவே இருந்தன.

முதலில், வெளியான முதல் ஆண்டில் ஆளை இழுக்கும் பெரிய கேம்கள் குறைவு. விற்பனை மந்தமானதும் வெளி நிறுவனங்கள் ஒதுங்கத் தொடங்கின. வீ யூ-வுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட 'ரேமேன் லெஜண்ட்ஸ்' கேமை, யுபிசாஃப்ட் நிறுவனம் தள்ளிப்போட்டு மற்ற கன்சோல்களுக்கும் சேர்த்து வெளியிட்டது. இரண்டாவது, 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4-ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்-ம் வந்துவிட்டன. ஆற்றலில் வீ யூ அவற்றுக்கு ஈடு கிடையாது. மூன்றாவது, வீ-யை வாங்கிய குடும்பங்கள் அதற்குள் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மாறியிருந்தன.

அப்படியானால் பெயரின் பங்கு என்ன? இங்கேதான் அந்தப் பெரிய கூட்டம் நினைவுக்கு வரணும். தீவிர கேமர்கள் பெயரைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். அவர்கள் செய்தி படிப்பார்கள், வீடியோ பார்ப்பார்கள், எது எது என்று தெரிந்துதான் வாங்குவார்கள். குழம்புவது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி. வீ-யை 10 கோடிக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு அவர்களுடையது. வீ யூ-வின் பெயர் அந்த வாடிக்கையாளரைத்தான் கடை வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

கேம்கள் மோசமானவை அல்ல என்பதற்கு ஒரு சின்ன சாட்சி. 2014-ல் வீ யூ-வில் வெளியான 'மரியோ கார்ட் 8' சுமார் 84 லட்சம் பிரதிகள் விற்றது. கன்சோல் வைத்திருந்த 10 பேரில் 6 பேர் வாங்கியதற்குச் சமம். அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி 2017-ல் ஸ்விட்ச் கன்சோலில் விட்டார்கள். 6 கோடிக்கும் மேல் விற்றது. கேம் அதேதான், சுற்றியிருந்த கடைதான் மாறியது.

'புதிய' என்பது பெயரா, பெயரடையா?

நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். டிஎஸ், டிஎஸ் லைட், டிஎஸ்ஐ, டிஎஸ்ஐ எக்ஸ்எல் என்று வரிசையாக வந்தன. இவை எல்லாம் ஒரே குடும்பம். அடுத்து 2011-ல் '3டிஎஸ்' வந்தது. இது முற்றிலும் புதிய கருவி. ஆனால் பெயரைக் கேட்டால், 3டி வசதி சேர்த்த இன்னொரு டிஎஸ் போலத்தான் இருக்கும். அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த அது, விற்பனை மந்தமானதால் அரை வருடத்துக்குள் 170 டாலராக இறங்கியது. 2013-ல் '2டிஎஸ்' வந்தது. 3-க்குப் பிறகு 2!

உச்சக்கட்டம் 2014. மேம்படுத்திய 3டிஎஸ் கருவிக்கு நிறுவனம் வைத்த அதிகாரபூர்வப் பெயர், 'நியூ நிண்டெண்டோ 3டிஎஸ்'. 'புதிய' என்பதே பெயரின் பகுதி. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் தான் பயன்படுத்திய கருவியை விற்கிறார். அது 'பழைய நியூ 3டிஎஸ்'. இன்னொருவர் கடையில் சீல் உடைக்காத முதல் மாடலை வாங்குகிறார். அது 'புதிய 3டிஎஸ்', ஆனால் 'நியூ 3டிஎஸ்' அல்ல. தலை சுத்துதா?

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். 'ஜெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3டி' போன்ற சில கேம்கள் நியூ மாடலில் மட்டுமே ஓடும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அந்த கேமை வாங்கிக் கொடுத்து, வீட்டில் இருப்பது சாதாரண 3டிஎஸ் என்றால், குழந்தைக்கு மிச்சம் ஏமாற்றம்தான்.

எக்ஸ்பாக்ஸ் மட்டும் லேசுப்பட்டதா?

மைக்ரோசாஃப்ட்டின் வரிசையைப் படித்தாலே போதும்.

2001: எக்ஸ்பாக்ஸ்
2005: எக்ஸ்பாக்ஸ் 360
2013: எக்ஸ்பாக்ஸ் ஒன்
2016: எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்
2017: எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்
2020: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

பிளேஸ்டேஷன் 3-க்கு எதிரே 'எக்ஸ்பாக்ஸ் 2' என்று நின்றால் ஒரு படி பின்தங்கியது போல இருக்கும் என்பதால்தான் '360' வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. விநோதமான பெயர், ஆனால் தனித்துத் தெரிந்தது. 8 கோடிக்கும் மேல் விற்றது. சிக்கல் அடுத்த பெயரில் ஆரம்பித்தது. மூன்றாவது கன்சோலுக்கு 'ஒன்று' என்று பெயர் வைத்தார்கள். எல்லாப் பொழுதுபோக்கும் ஒரே பெட்டியில் என்ற பொருளாம். அதுவரை முதல் எக்ஸ்பாக்ஸைத்தான் பலர் 'எக்ஸ்பாக்ஸ் 1' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

2020 செப்டம்பர் 22-ம் தேதி சீரிஸ் எக்ஸ் முன்பதிவு தொடங்கியது. அதே நேரத்தில் அமேசானின் விற்பனைத் தரவரிசையில் மூன்று வருடப் பழைய ஒன் எக்ஸ் 700 சதவீதத்துக்கும் மேல் முன்னேறியது செய்தியானது. வாங்கியவர்கள் எல்லோரும் குழம்பித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் 'ஒன் எக்ஸ்', 'சீரிஸ் எக்ஸ்' என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், அந்தச் சந்தேகம் வருவதை யாராலும் தடுக்க முடியாது.

இன்னொரு பக்கம் சோனி, 1994-ல் தொடங்கி பிளேஸ்டேஷனுக்குப் பின்னால் 2, 3, 4, 5 என்று எண்களை அடுக்கிக்கொண்டே போகிறது. அதில் கற்பனை இல்லை, கவர்ச்சி இல்லை. ஆனால் பேரனுக்கு வாங்கப் போகும் பாட்டிக்கு, '5' என்ற ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நிண்டெண்டோ பாடம் படித்ததா?

படித்தது. வீ யூ-வுக்கு அடுத்து 2017 மார்ச் 3-ம் தேதி வந்த கன்சோலின் பெயர் 'ஸ்விட்ச்'. பழைய பெயரின் நிழல்கூட இல்லை. டிவியில் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டும் போகலாம், இரண்டுக்கும் நடுவே மாறிக்கொள்ளலாம். அச்சு அசல் காரணப் பெயர். 15 கோடிக்கும் மேல் விற்று, வீ-யின் சாதனையையும் தாண்டியது. அந்த வெற்றியைப் பார்க்க இவாட்டா இல்லை. 2015 ஜூலையில் அவர் காலமாகிவிட்டார்.

அதற்கு அடுத்த கன்சோலுக்கு என்ன பெயர் வரும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். 'சூப்பர் ஸ்விட்ச்' வருமா, 'நியூ ஸ்விட்ச்' வருமா, மறுபடியும் 'ஸ்விட்ச் யூ' ஆகிவிடுமா என்று பயந்தவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் பெயர் வந்தது. 'ஸ்விட்ச் 2'. அவ்வளவுதான்.

2025 ஜூன் 5-ம் தேதி விற்பனைக்கு வந்த ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாட்களில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றதாக நிண்டெண்டோ அறிவித்தது. வீ யூ முதல் நாலரை மாதங்களில் எட்டிய 34.5 லட்சத்தை, இது நான்கு நாளில் தாண்டிவிட்டது. இதில் முந்தைய ஸ்விட்ச்சின் செல்வாக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் செல்வாக்கை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அந்த ஒற்றை '2'.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

பெயர்க் குழப்பத்தில் நிறுவனம் இழந்ததை அடுத்த கன்சோலில் பிடித்துவிடும். தவறான பெட்டியை வாங்கிய குடும்பத்துக்கு அந்தப் பணம் அவ்வளவு லேசில் திரும்பி வராது. எனவே கடையிலோ ஆன்லைனிலோ வாங்கும் முன்:

* பெயரின் கடைசி எழுத்து வரை படியுங்கள். 'ஒன் எஸ்' வேறு, 'சீரிஸ் எஸ்' வேறு. 'ஸ்விட்ச்' வேறு, 'ஸ்விட்ச் 2' வேறு.

* டிஸ்க் போடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன் ஆகியவை டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வரும். வீட்டில் பழைய டிஸ்க்குகள் இருந்தால் இது முக்கியம்.

* எந்த கேமுக்காக வாங்குகிறீர்களோ, அந்த கேமின் அட்டையில் எந்தக் கன்சோல் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உதாரணமாக, 'மரியோ கார்ட் வேர்ல்ட்' ஸ்விட்ச் 2-ல் மட்டுமே ஓடும்.

* பயன்படுத்திய கன்சோல் என்றால், விற்பவர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

* யாருக்காக வாங்குகிறீர்களோ, முடிந்தால் அவரிடமே கேட்டுவிடுங்கள். சர்ப்ரைஸ் கொஞ்சம் கெடும்தான். ஆனால் தப்பான பெட்டியைப் பிரிக்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் வாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.